கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயலூட்டல்

தில்லி, மும்பை, பிலாய், ஜாம்ஷெட்பூர் எனப் பல ஊர்களுக்கும் பணியின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பழைய ஒளிப்படம் ஒன்றேனும் பெட்டியிலோ சுவரிலோ இருக்கும். கொள்ளுத்தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். கொள்ளுப்பாட்டி அவர் அருகே நின்றிருப்பார். பின்னால் ஸ்டூடியோக்காரர் தொங்கவிட்ட திரையில் ஒரு மாளிகையோ பூங்காவோ தீட்டப்பட்டிருக்கும். அப்படத்தின் நெகட்டிவ் எப்போதோ தொலைந்திருக்கும். எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஓர் அச்சுப்படிதான்.

அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து 'செபியா' என்னும் பொத்தானைத் தொட்டால், ஒரு நொடியில் படம் பழுப்பேறிவிடுகிறது. 'பழைய படம் போலவே இருக்கிறது' என்று வீட்டார் மகிழ்கின்றனர். உண்மையிலேயே பழையதான ஒரு படத்தைப் பழையது போலக் காட்டுவானேன் என்று எவரும் கேட்பதில்லை. அப்பொத்தானுக்குப் பின்னே ஒரு வேதியியலும் ஒரு கணக்கும் இருக்கின்றன. வேதியியல் 19ஆம் நூற்றாண்டுக்கு உரியது, கணக்கு இன்றையது. கணக்கை அறியாமல் பொத்தானைத் தொடுபவர், படத்தில் உள்ள சிலவற்றைத் தம்மை அறியாமலே இழக்கவும் கூடும்.

வெள்ளியும் கந்தகமும்

கறுப்பு வெள்ளை அச்சுப்படியில் கறுப்பாகத் தெரிவது மை அன்று; வெள்ளி. ஒளிபட்டால் மாறும் இயல்புடைய வெள்ளி உப்புகள் தாளின்மேல் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடங்களில், உருத்துலக்கும் கரைசலில் இட்டபின், அவ்வுப்புகள் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களாக மாறுகின்றன. பளபளப்பான உலோகம் அவ்வளவு நுண்மையாகப் பொடிந்து கிடக்கும்போது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தோன்றுகிறது. ஒளி படாத இடத்து உப்பு கழுவி நீக்கப்பட, அங்குத் தாளின் வெண்மை எஞ்சுகிறது.

வெள்ளிக்கு ஒரு பகை உண்டு. அதுவே கந்தகம். காலில் அணிந்த வெள்ளிக் கொலுசும் பூசையறையில் உள்ள வெள்ளிக் குத்துவிளக்கும் நாளடைவில் கறுப்பதை எல்லா வீடுகளிலும் காணலாம். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதே அக்கறுப்பு. ஒளிப்படக் கலைஞர்கள் இந்தப் பகையையே நட்பாக்கிக்கொண்டனர். கழுவி உலர்த்திய அச்சுப்படியைப் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் முதலில் இடுவர். படம் வெளிறி, ஏறத்தாழ மறைந்தே போகும். கறுப்பு வெள்ளி மீண்டும் வெள்ளி புரோமைடு ஆகிவிடுவதே காரணம். பிறகு அதைச் சோடியம் சல்பைடு கரைசலில் இட்டவுடன், மறைந்த படம் பழுப்பு நிறத்தில் எழுந்து வரும். இம்முறை அங்கு இருப்பது வெள்ளி அன்று, வெள்ளி சல்பைடு. இருட்டறை முழுவதும் அழுகிய முட்டையின் நாற்றம் பரவும். முதன்முறை இதைச் செய்பவர், வெளிறிப்போன படத்தைக் கண்டு தம் உழைப்பெல்லாம் பாழாயிற்று என்று திகைப்பது இயல்பு.

இம்மாற்றம் அழகுக்காக மட்டும் செய்யப்படவில்லை. ஏற்கெனவே கந்தகத்தோடு சேர்ந்துவிட்ட வெள்ளியைக் காற்றில் உள்ள மாசுகள் எளிதில் தாக்குவதில்லை. எனவே செபியா ஊட்டிய படி, சாதாரணப் படியைவிட நெடுங்காலம் நிலைத்தது. சாயலூட்டல் என்பது தொடக்கத்தில் படத்தைப் பாதுகாக்கும் வழியாகவும் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

செபியா என்னும் பெயரின் கதை வேறு. அது கணவாய் மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அம்மீன் கக்கும் கரும்பழுப்பு மையை ஐரோப்பிய ஓவியர்கள் வரைவதற்குப் பயன்படுத்தினர். அந்நிறத்தை ஒத்திருந்தமையால் ஒளிப்படத்துப் பழுப்புக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. இருட்டறையில் கணவாய்க்கு வேலை ஏதும் இல்லை.

கந்தகத்தைப் போலவே செலீனியம், தங்கம், இரும்பு ஆகியவையும் பயன்பட்டன. செலீனியம் கறுப்பை ஆழமாக்கிச் சற்றே ஊதா கலந்த பழுப்பைத் தரும். நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை இல்லாமல் அதைத் தொடலாகாது. இரும்புச் சேர்மங்கள் நீலம் தரும். இரும்பு உப்புகளையே கொண்டு, வெள்ளியே இல்லாமல் நீலப்படம் எடுக்கும் முறையை ஜான் ஹெர்ஷல் என்னும் அறிவியலறிஞர் 1842இல் கண்டறிந்தார். அந்த நீலத்தைத் தேயிலை வடிநீரில் ஊறவைத்தால், தேயிலையில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருமையாக்கிவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தவர்

பழைய படம் என்றாலே பழுப்பு என்னும் எண்ணம் செபியாவால் மட்டும் வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வழங்கிய அச்சு முறைகள் இயல்பாகவே செம்பழுப்பு நிறம் உடையவை. உப்புநீரில் நனைத்த தாளிலும், முட்டையின் வெண்கரு பூசிய தாளிலும் அக்காலத்தில் படம் அச்சிட்டனர். அவற்றில் உண்டாகும் வெள்ளித் துகள்கள் மிக மிக நுண்ணியவை என்பதால் கறுப்பாகத் தெரியாமல் செம்பழுப்பாகத் தெரிந்தன. அதைச் சற்றுக் குளிர்ந்த நிறமாக்கி நிலைபெறச் செய்யத் தங்கக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துவதும் அக்காலத்து வழக்கம்.

அவ்வகைப் படங்களுள் தமிழகத்தோடு நேரே தொடர்புடையவை லின்னேயஸ் டிரைப் எடுத்தவை. ஆங்கிலப் படையின் அலுவலரான அவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டு, 1858இல் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களில் பெருங்கருவிகளோடு சுற்றினார். அவர் பயன்படுத்தியது தாள் நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் மேலான நீண்ட சுருளாக ஆக்கினார். சோழர் காலத்துத் தமிழ் எழுத்துகள் ஒளிப்படமாகப் பதிந்த மிகப் பழைய சான்றுகளுள் அது ஒன்று. அவருடைய நெகட்டிவ்களில் வானம் வெறுமையாகவே பதிந்தது. அக்காலத்து வேதிப்பொருள்கள் நீலத்துக்கு அளவு கடந்து ஈடுகொடுத்தமையே காரணம். ஆகவே அவர் சில நெகட்டிவ்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அம்மேகங்கள் தஞ்சை வானில் ஒருபோதும் மிதந்தவை அல்ல. படத்தைத் திருத்தும் ஆசை கணினியோடு பிறந்தது என்று எண்ணுவார்க்கு இது ஒரு விடை.

எண்களாகும் படம்

கணினிக்குள் வெள்ளியும் இல்லை, கந்தகமும் இல்லை. படம் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. முழுக் கறுப்பு 0. முழு வெள்ளை 255. இடையில் உள்ளவை சாம்பல் நிறங்கள். ஆக, 256 படிகள். வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. அம்மூன்றும் சமமாக இருந்தால் கிடைப்பது சாம்பல். எடுத்துக்காட்டாக 128, 128, 128 என்பது இடைப்பட்ட சாம்பல்.

சாயலூட்டல் என்பது இந்தச் சமநிலையைச் சற்றே குலைப்பதுதான். நீலத்தைக் குறைத்துச் சிவப்பை மிகுத்தால் பழுப்பு பிறக்கும். நீலத்தை மிகுத்தால் படம் குளிர்ந்து தோன்றும். ஆனால் சாம்பல் முறையில் சேமித்த கோப்பில் புள்ளிக்கு ஓர் எண்ணே உள்ளது; நிறத்துக்கு அங்கு இடமே இல்லை. அதனை முதலில் மூன்று எண்கள் உடைய வண்ண முறைக்கு மாற்றியாக வேண்டும். மாற்றியவுடன் திரையில் எவ்வித வேறுபாடும் தெரியாது. சுருக்கப்படாத கோப்பின் அளவு மட்டும் மூன்று மடங்காகும்.

பல மென்பொருள்களில் வழங்கும் செபியா வாய்பாடு ஒன்று உண்டு. சாம்பல் படத்தைப் பொறுத்தவரை அது மிக எளியது. புள்ளியின் எண்ணை 1.351ஆல் பெருக்கினால் புதிய சிவப்பு, 1.203ஆல் பெருக்கினால் பச்சை, 0.937ஆல் பெருக்கினால் நீலம். 100 என்னும் சாம்பல் இவ்வாறு 135, 120, 94 ஆகும். இனிய பழுப்பு நிறமே. இதுவரை குறை ஒன்றும் இல்லை.

குறை வெளிச்சமான பகுதிகளில் தொடங்குகிறது. 200ஐ 1.351ஆல் பெருக்கினால் 270 வரும். ஆனால் 255க்கு மேல் எண்ணே கிடையாது. எனவே கணினி அதை 255 என்றே நிறுத்திவிடுகிறது. 189 முதல் மேலுள்ள எல்லாச் சாம்பல்களுக்கும் சிவப்பு 255தான். 212 முதல் மேலுள்ளவற்றுக்குப் பச்சையும் 255தான். அங்கு மாறுவது நீலம் ஒன்றே. மனிதக் கண்ணோ ஒளியளவை உணரும்போது நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பே தருகிறது. பொதுவாக வழங்கும் கணக்கில் பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்பது பங்கு.

கொள்ளுத்தாத்தாவின் வெள்ளை வேட்டி இப்பகுதியில்தான் இருக்கிறது. அதன் மடிப்புகள், கஞ்சி போட்ட விறைப்பு, மேல்துண்டின் ஓரம் ஆகிய எல்லாம் 212க்கும் 255க்கும் இடையில் உள்ள 43 படிகளில் பதிந்திருக்கலாம். வாய்பாடு ஓடி முடிந்தபின் அந்த 43 படிகளின் ஒளி வேறுபாடு ஏறத்தாழ 5 படிகளுக்குள் நெருக்கப்பட்டுவிடுகிறது. மடிப்புகள் கரைந்து, வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகிறது. பாட்டியின் நரைமுடியும் அவ்வாறே. பார்ப்பவர் பழுப்பின் அழகில் மயங்கி, இழந்ததைக் கவனியாமல் போகின்றனர். சிவப்பிலும் பச்சையிலும் இழந்ததை அவற்றின் எண்களிலிருந்தே மீட்கவும் வழி இல்லை. 255 ஆகிவிட்ட எண், தான் முன்பு எதுவாக இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை.

வளைகோட்டு முறை

இதனினும் நல்ல முறை வளைகோட்டு முறை. மென்பொருளில் ஒரு சதுரக் கட்டத்தில் மூலைவிட்டமாக ஒரு கோடு தோன்றும். கீழ்ப்பக்கம் பழைய எண். இடப்பக்கம் புதிய எண். கோடு நேராக உள்ளவரை எதுவும் மாறாது. சிவப்புக்குரிய கோட்டின் நடுப்பகுதியைச் சற்று மேலே இழுத்தும், நீலத்துக்குரிய கோட்டின் நடுப்பகுதியைக் கீழே இழுத்தும் விட்டால் நடுச் சாம்பல்கள் பழுப்பேறும். கோட்டின் இரு முனைகளும் அசைவதில்லை. ஆகையால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கும்.

128 என்னும் சாம்பலை இம்முறையில் 140, 126, 106 என மாற்றுவதாகக் கொள்ளலாம். மேற்சொன்ன பங்குகளால் பெருக்கிக் கூட்டினால் ஒளியளவு 128க்கு மிக அருகிலேயே நிற்கும். செபியா வாய்பாடோ அதே 128ஐ 173, 154, 120 ஆக்கும். கூட்டினால் ஏறத்தாழ 156. ஒரு முறை படத்தின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. மற்றொன்று, கேளாமலே படத்தை வெளிச்சமாக்கியும் விடுகிறது. ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு மாணவர் எவரும் இதனைச் சரிபார்க்கலாம்.

நிழற்பகுதிக்கு ஒரு சாயலும் ஒளிப்பகுதிக்கு மற்றொரு சாயலும் ஊட்டுவது இன்னொரு வகை. நிழலில் இலேசான நீலமும் ஒளியில் இலேசான பழுப்பும் தந்தால் படம் ஆழம் பெற்றது போல் தோன்றும். இதுவும் இருட்டறையில் பிறந்ததே. வெளிறச் செய்யும் கரைசல், வெள்ளி குறைவாக உள்ள ஒளிப்பகுதிகளையே முதலில் தாக்கும். பாதியில் படத்தை எடுத்துவிட்டால், ஒளிப்பகுதி மட்டும் பழுப்பேறும். செலீனியமோ வெள்ளி மிகுந்த நிழலில் முதலில் வேலை செய்யும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து இருசாயல் பெற்றனர். கரைசலில் ஒரு நிமிடம் கூடிவிட்டால் அந்தப் படி கெட்டது. கணினியில் மீண்டும் மீண்டும் செய்து பார்க்கலாம். வேறொன்றுமில்லை என்றாலும் இந்த ஒரு வசதிக்காகவே கணினியைப் பாராட்டலாம். எனினும் சாயல் மிகுந்தால் படம் சாயத்தொட்டியில் விழுந்தது போலாகிவிடும். பார்ப்பவர் முதலில் முகத்தைக் கண்டு, பின்னரே நிறத்தை உணர்வாராயின் அளவு சரியானது எனலாம்.

சாயலும் வண்ணமும்

சாயலூட்டல் வேறு, வண்ணமேற்றல் வேறு. சாயலூட்டும்போது படம் முழுவதும் ஒரே விதிக்கு உட்படுகிறது. வண்ணமேற்றலில் சேலைக்கு ஒரு நிறம், தோலுக்கு ஒரு நிறம், மரத்துக்கு ஒரு நிறம் என ஒருவர் தேர்ந்து பூசுகிறார். 1960இல் வெளிவந்த 'முகல்-ஏ-ஆசம்' என்னும் இந்தித் திரைப்படம் 2004இல் முழுவதும் வண்ணமேற்றி மீண்டும் வெளியிடப்பட்டது. 1957இல் வந்த தெலுங்கு 'மாயாபஜார்' 2010இல் அவ்வாறே வந்தது. மக்கள் அவற்றை ஆவலோடு கண்டனர். திரைப்படத்தில் அது ஒரு கலைத் தேர்வு.

குடும்பப் படத்தில் நிலை வேறு. இன்று கணினி தானே வண்ணம் ஊகித்து ஏற்றுகிறது. பாட்டியின் பட்டுச்சேலை அரக்கா, மயில்கழுத்து நிறமா, மாம்பழ நிறமா என்பதைச் சாம்பல் எண் சொல்லாது. ஒரே அளவு ஒளி தரும் மூன்று நிறங்களும் ஒரே சாம்பலாகவே பதியும். மேலும், பழைய தகடுகளில் பல சிவப்பு ஒளியை உணராதவை. அவற்றில் சிவப்புக் குங்குமம் கரும்பொட்டாகவே விழுந்தது. அதைக் கண்டு, அம்மூதாட்டி சாந்துப் பொட்டு வைத்தவர் என்று முடிவுகட்டினால் தவறாகலாம். கணினி பூசும் பச்சைச் சேலையைக் கண்டு வளரும் பேரக்குழந்தை, பாட்டி பச்சை உடுத்தியதாகவே நினைவில் கொள்ளும். சாயலூட்டல் அத்தகைய பொய்யைப் படத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் அதற்கும் ஒரு சிறு பொறுப்பு உண்டு. பழுப்பேற்றிய நகலைக் காண்பவர், மூலமும் பழுப்பாகவே இருந்ததென எண்ணக்கூடும். ஆகவே கோப்பின் பெயரிலேயே 'சாயலூட்டியது' என்று குறித்துவைப்பது நன்று.

மூலத்தைக் காத்தல்

பழைய அச்சுப்படியை ஸ்கேன் செய்யும்போது, அது கறுப்பு வெள்ளையே ஆயினும் வண்ண முறையிலேயே பதிய வேண்டும். தாளின் மஞ்சள் கறை, செபியாவின் பழுப்பு, மை எழுத்தின் நீலம் ஆகியவை தனித்தனி நிறங்கள். சாம்பல் முறையில் பதிந்தால் அனைத்தும் ஒன்றாகக் கலந்துவிடும். வண்ணத்தில் பதிந்தால், கறையை மட்டும் பிரித்து நீக்குவதும் பின்னர் எளிதாகும். சிறிய படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்னும் அளவு போதுமானது. கருவி இடங்கொடுத்தால் 256 படிகளுக்கு மாறாக 65,536 படிகள் தரும் 16 பிட் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வளைகோட்டை எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் படிகள் பிளவுபட்டுத் தெரியா. முதற்பதிவை 'டிஃப்' கோப்பாகச் சேமித்துவிட்டு, அதனைத் தொடாமல் விட வேண்டும். 'ஜேபெக்' கோப்பு, திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது விவரத்தை இழக்கும். சாயல், ஒளி, கறை நீக்கம் எல்லாம் நகலில் மட்டுமே நிகழ வேண்டும். கிம்ப் போன்ற விலையற்ற மென்பொருளே இவற்றுக்குப் போதும்.

சாயல் பொத்தானைத் தொட்ட கையோடு பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிடும் பழக்கம் மிகவும் பரவியுள்ளது. அச்சுப்படி கைவசம் இருக்கும்வரை அது பெருங்கேடு அன்று. ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு மாலைப் பொழுதில் அவசரமாகக் கைப்பேசியில் எடுத்துவந்த படமாயின், அந்தக் கோப்பே மூலம். அவ்வீடு பின்னர் விற்கப்படலாம். அச்சுப்படி கரையானுக்கு இரையாகலாம்.

இன்னொன்றும் ஸ்கேன் செய்யப்பட வேண்டும். அது படத்தின் பின்பக்கம். அங்குதான் ஸ்டூடியோவின் முத்திரை, ஊர்ப்பெயர், சில வேளைகளில் தேதி, ஓரத்தில் எவரோ எழுதிய இரண்டொரு வரிகள் இருக்கும். பழைய கையெழுத்தில் 'லை' என்பதும் 'றா' என்பதும் இன்றைய வடிவில் இரா. புள்ளி வைக்காமல் எழுதுவதும் உண்டு. பென்சில் எழுத்து மங்கியிருந்தால், அதே வளைகோட்டைக் கொண்டு நிழலை ஆழமாக்கி அதனை எழுப்பலாம். பிறகு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தால், நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பெயர் தெரியவரும்.